தாங்கலில் ஒரு வீடு

எங்கள் வீட்டில் தண்ணீர் ஒரே வேலையைச் செய்துவிட்டு ஓய்வு பெற முடியாது. அரிசி களைந்த தண்ணீரில் எச்சில் தட்டுகள் ஊறும். தட்டு அலசிய தண்ணீர் கொல்லைப்புறத்துக் கல்லைக் கழுவும். அங்கிருந்து சிறிய வாய்க்கால் வெட்டி முருங்கைக்கு விட்டிருப்பேன். துணியைக் கடைசியாக அலசிய தண்ணீரில்தான் வாசல் தெளிப்பேன். "தண்ணியக் கூட ஓவர்டைம் பாக்க வைக்கிறவ நீ ஒருத்திதான்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்கு ஷிஃப்ட்டும் ஓவர்டைமும்தான் ஞாபகம் வரும்.

இரண்டு பேருக்கும் சொந்த ஊர் இராமநாதபுரம் பக்கம். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடுப்பில் குடம் நிற்குமா என்று பார்ப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வதுண்டு. அது பொய்யோ மெய்யோ, என் இடுப்பில் நின்றது. அதனால் யாராவது குழாயைத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசினால் எனக்கு வயிறு எரியும். அடுத்த வீடாக இருந்தாலும் போய் மூடிவிட்டு வந்துவிடுவேன். இதனால் சில பேரோடு பேச்சு வார்த்தை நின்றும் இருக்கிறது.

கல்யாணமாகி வந்ததிலிருந்து எண்பதுகளின் நடு வரைக்கும் நாங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் மகள் பிறந்ததும் அங்கேதான். நல்ல வீடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கொல்லையில் பெரிய மரம் வைக்கக் கூடாது, வேலை முடிகிற அன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்கு முன்னால் ஓய்வு பெற்ற குடும்பங்கள் கட்டிலையும் அம்மியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். ஒரு நாள் என் வீட்டையும் அப்படி ஏற்ற வேண்டும் என்ற நினைப்பு எந்நேரமும் கூடவே இருக்கும். எனக்கு வேண்டியது பெரிய வீடு இல்லை. காலி பண்ணு என்று யாரும் சொல்ல முடியாத வீடு, அவ்வளவுதான்.

மழை சரியாகப் பெய்யாத ஒரு வருஷத்தில், கோடை மத்தியானத்தில், கோவில்பதாகைக்கு அப்பால் மனை விற்கிற ஒருவர் தொழிற்சாலை ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். வெட்டவெளி, நடுவில் சுண்ணாம்புக் கோடுகள், மூலைக்கு மூலை கலர்த் துணி கட்டிய குச்சிகள், போனவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கோலி சோடா. சோடா குடித்த கையோடு என் வீட்டுக்காரர் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றேன்.

"ஒனக்குத்தானத்தா வாங்குறேன். ஒன்னயவே எதுக்குக் கேக்கணும்?" என்றார்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கடைசி வரிசை. அதற்குக் கீழே மனை கிடையாது. நிலம் இலேசாகச் சரிந்து போய், தூரத்தில் ஒரு குட்டையும் அதற்குப் பின்னால் கருவேலம் மூடிய மண்மேடும் தெரிந்தன. நல்ல காற்று அடித்தது. கோபம் போய்விட்டது.

சேமநிதியில் இருந்ததை எல்லாம் துடைத்து எடுத்துக் கட்டினோம். அடுப்படி ஜன்னல் எங்கே வர வேண்டும் என்று கொத்தனாருக்கு நான்தான் சொன்னேன். தரைக்குச் சிவப்புச் சிமெண்ட் போட்டோம். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்து அதில் முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். உறைக்கிணறு இறக்கியபோது சீக்கிரமே தண்ணீர் வந்துவிட்டது. மேல் வரிசைக்காரர்களுக்கு இன்னும் ஆழம் போக வேண்டியிருந்தது. "கடைசி வரிசைன்னு சிரிச்சாங்க, இப்ப யாருக்கு அதிர்ஷ்டம்?" என்று அவர் மீசையை முறுக்கிக்கொண்டார். இங்கே மட்டும் ஏன் இவ்வளவு மேலே தண்ணீர் என்று நாங்கள் யோசிக்கவில்லை. கிடைத்ததற்குக் காரணம் கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

பிறகு வந்த வருஷங்களில் வானம் கைவிட்டது. எங்கள் கிணற்றிலேயே அடி உறை தெரிந்தது என்றால் மேல் வரிசையைக் கேட்கவே வேண்டாம். லாரித் தண்ணீர் வந்தால் ஞாயிறு திங்கள் தெரியாமல் எல்லோரும் குடத்தோடு ஓடுவார்கள். அடிபம்பு முனையில் ஒரு நாள் ஒரு பெண்ணின் மண்டையில் குடத்தால் அடித்துவிட்டாள் இன்னொருத்தி. இரண்டு பேரும் அதற்கு முன் தினம்தான் சேர்ந்து கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்கள். அடிபட்ட பெண் எங்கள் தெரு மேல் வரிசை, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. எனக்கு நெருங்கிய சிநேகிதி. அவள் நெற்றியில் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது, என் வீட்டுக்காரர் அடுப்படி ஜன்னல் வழியாகக் கீழே குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பிடியே போனா கொலதான் விழும். அந்தக் குட்டையத் தூர் வாருனா என்ன?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போனார். எல்லோரும் தொழிற்சாலைக்காரர்கள். ஆளுக்கொரு ஜில்லா. வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் அதை என்னவென்று சொல்வது என்பதிலேயே ஒரு பொழுது போனது. "இது கம்மா" என்றார் என் வீட்டுக்காரர். "கரை இருக்குல்லா, அப்ப கொளம்னுதான் சொல்லணும்" என்றார் திருநெல்வேலிக்காரர். "இத்தனூண்டுக்குக் கொளமாங்க? குட்டைங்க" என்றார் கோயமுத்தூர்ப் பக்கத்தவர். தஞ்சாவூர்க்காரர், என் சிநேகிதியின் கணவர், தண்ணீரே இல்லாததற்கு எதற்குப் பெயர் என்று சிரித்தார்.

அந்தப் பக்கமாக எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தவள் எங்களுக்குப் பால் ஊற்றுகிற பெண். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். "இன்னா நைனா, தாங்கல சுத்தம் பண்ணப் போறீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க. எங்க எருமைங்க ஒங்களுக்குக் கோயிலு கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தாங்கல் என்ற வார்த்தை எங்களுக்குப் புதியது இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தை அப்படித்தான் கூவுவார். தபால்காரரும் அப்படித்தான் சொல்வார். அது எங்கள் மனைகள் இருக்கிற இடத்தின் பெயர் என்று நாங்கள் நினைத்தோம். ஊருக்குக் கடிதம் எழுதும்போது என் வீட்டுக்காரர் அதற்கு விளக்கம்கூட எழுதியிருக்கிறார்: நம்மைத் தாங்குகிற இடம் என்பதால் தாங்கல். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லை மனத்தாங்கல் என்றுதான் கேட்டிருக்கிறோம். வேறு அர்த்தம் இருக்கும் என்று யார் கண்டது?

ஒரு கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. பூந்தமல்லியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் கடப்பாரையும் மண்வெட்டியும் வாடகை இல்லாமல் கொடுத்தார். "தண்ணி விஷயத்துல வாடக வாங்குனா எனக்குச் செரிக்காது" என்று சொன்னாராம். ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் சட்டியில் மண் சுமந்தோம். சமையல் எனக்கும் தஞ்சாவூர்க்காரிக்கும் பொறுப்பு. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போய்க் கருவேல நிழலில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம். ஒரே ஆலையில் வருஷக்கணக்காக வேலை பார்த்தும் முகம் தெரியாதவர்கள் அங்கேதான் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பி ஆனார்கள்.

குட்டையைத் தூர் வாரினால் போதாது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குத் தண்ணீர் கொண்டு வருகிற கால்வாய், எங்கள் மேல் தெருவுக்கடியில் மண் தள்ளி மூடப்பட்டிருந்தது. தெருவை வெட்டிச் சிமெண்ட் குழாய் பதித்து அதைத் திறந்தார்கள். குட்டைக்குப் பின்னாலிருந்த மண்மேடுதான் பழைய கரை. கருவேலத்தை வேரோடு பிடுங்கி, கரையைக் கட்டினார்கள். கரையின் ஒரு மூலையில் கல் சுவர் ஒன்று பாதி இடிந்து கிடந்தது. நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன் மேலே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அதற்குப் பெயர் கலங்கல் என்று பால்காரப் பெண் சொன்னாள். சரிந்து கிடந்த கற்களையே பொறுக்கி எடுத்து என் வீட்டுக்காரர் அதைக் கட்டினார். இரண்டு முனையிலும் ஒரே மட்டம் காட்டுகிற, தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயை இடியாமல் நின்ற பழைய கல்லின் தலைக்குப் பிடித்து, விரல் பிசகாமல் அதே உயரத்துக்குக் கொண்டுவந்தார். ஃபிட்டர் வேலை அது. பார்த்தவர்கள் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த மட்டக்குழாயின் இன்னொரு முனையை எங்கள் வாசல்படிக்கு இழுத்துக்கொண்டு வந்து பிடித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும். வாசல்படிக்கும் கலங்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் நாள் கால்வாயில் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தபோது குடையைக்கூட எடுக்காமல் எல்லோரும் ஓடினோம். திருநெல்வேலிக்காரர் சட்டையோடு கால்வாய்க்குள் இறங்கி நின்றுகொண்டு வரமாட்டேன் என்றார். தஞ்சாவூர்க்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் கிணற்றில் ஒவ்வோர் உறையாக மறைந்தது. அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு வாளி நிறையத் தண்ணீரை இறைத்துத் தலையில் அப்படியே கவிழ்த்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாக, அந்தத் தண்ணீர் முருங்கைக்குப் போகிறதா என்று பார்க்கவில்லை.

மழை விடவில்லை. குட்டை குட்டையாக இருக்கவில்லை. தினமும் காலையில் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து நிற்கும். முதலில் அழகாகத்தான் இருந்தது. கொக்குகள் வந்தன. பிறகு முருங்கை மரம் தண்ணீருக்குள் நின்றது. பிறகு ஒரு காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், சிவப்புத் தரையில் குளிர்ந்த தண்ணீர். கொல்லைக் கதவின் அடியில் சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். பால்காரப் பெண் முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தூக்குவாளியோடு நின்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன் போல.

"இன்னாத்துக்குக்கா அயுவுறே? தாங்கல் ரொம்பிகீது. நல்ல விசயம்தானே" என்றாள்.

"தாங்கல் நெரம்புனா எங்க வீட்டுக்குள்ள எதுக்குத் தண்ணி வருது? அந்தா கெடக்கு குட்டை" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று யோசித்திருப்பாள். "அது மிச்சம் மீதிக்கா. இது அத்தினியும்தான் தாங்கல். தாங்கல்னா ஏரி, சின்ன ஏரி. நீ ஏரிக்குள்ளதான் ஊடு கட்டிகினு கீறே. தெரிஞ்சிதான் கட்டிகினீங்கன்னு நெனச்சேன், தெரியாதா?" என்றாள். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் மாறிவிட்டது. பாலை ஊற்றாமல் தூக்குவாளியைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே வந்து, என்னோடு சேர்ந்து பாத்திரங்களை மேலே ஏற்ற ஆரம்பித்தாள்.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசல்படியில் நின்றார். இறங்கித் தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் நடந்து போய், திரும்பி வீட்டைப் பார்த்தார். பிறகு கலங்கல் இருக்கிற திசையைப் பார்த்தார். அவர் கண்ணால் மட்டம் பிடிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கலங்கலின் தலை எங்கள் வாசல்படியைவிட உயரத்தில் இருந்தது.

கடைசி வரிசையில் எங்களோடு சேர்த்து நாலு வீடுகள் தண்ணீரில் நின்றன. மேல் வரிசைகளில் ஒரு சொட்டு கிடையாது, கிணறுகள் மட்டும் கையால் மொண்டு எடுக்கலாம் போல நிறைந்திருந்தன. மத்தியானம் எல்லோரும் எங்கள் வாசலில் கூடினார்கள். மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கலங்கலின் மேல் கற்களை எடுத்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "ஒங்கள நம்பித்தானே மம்பட்டி எடுத்தோம்? எங்க வீட்டுக்குள்ளயே தண்ணிய விட்டுட்டீங்களே" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார். நியாயமான கோபம். மேல் வரிசைக்காரர்கள் யாரும் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுங்கள் என்றும் சொல்லவில்லை. தண்ணீர் போனால் தங்கள் கிணறும் இறங்கிவிடும் என்று தெரிந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் தஞ்சாவூர்க்காரர்தான் வாயைத் திறந்தார். "நீங்கதான் ஆரம்பிச்சீங்க. நீங்க என்ன சொன்னாலும் சரி அண்ணே" என்றார்.

என் வீட்டுக்காரர் கூட்டத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுத்தா" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மனை வாங்கும்போது கேட்கவில்லை. மண்வெட்டி தூக்கும்போது கேட்கவில்லை. எல்லாம் மூழ்கிய பிறகு நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்கிறார். "ஒடைங்க" என்றேன். "எனக்கு வீடு வேணும். ஒடைங்க."

அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரை மேல் நடந்து போனார். கூட யாரையும் வரவேண்டாம் என்றார். நாங்கள் காத்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தார். தண்ணீர் அப்படியே நின்றது. கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "முடியலத்தா" என்று மட்டும் சொன்னார். முதல் தடவையாக அவர் எனக்குக் கிழவராகத் தெரிந்தார்.

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. கரை வழுக்கியது. பால்காரப் பெண் மட்டும் கொஞ்சம் பின்னால் வந்தாள், விழுந்துவிடுவேன் என்று பயந்திருப்பாள்.

கலங்கலில் தண்ணீர் கற்களின் மேல் மெல்லிய துணி விரித்த மாதிரி வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பால்காரப் பெண்ணின் பழைய ஊர்க்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் குடத்தில் மொண்டு, இடுப்பில் வைப்பதற்கு முன்னால் ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கற்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் பூசிய சிமெண்ட் இன்னும் புதுசாக இருந்தது. நடுவில் விட்டு ஒரு நெம்பு நெம்பினால் போதும் என்று எனக்கே தெரிந்தது. கடப்பாரையின் முனையை அங்கே வைத்தேன். என் அடுப்படி ஜன்னலையும் தரையையும் நினைத்துக்கொண்டேன். நெம்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

கை வரவில்லை. பெரிய தியாகம் என்றெல்லாம் யாரும் எண்ண வேண்டாம். ஊருக்கு நல்லது என்ற யோசனை எனக்கு அந்த நிமிஷத்தில் துளியும் இல்லை. ஊர் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றுதான் இருந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து தண்ணீரை மூடியே பழகிய கை. திறந்துவிடு என்றால் அதற்குத் தெரியவில்லை. இத்தனை தண்ணீர், இத்தனை வருஷம் குடத்தோடு ஓடிய தண்ணீர், என் கையால் வீணாகப் போக வேண்டுமா? அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பால்காரப் பெண் கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வாக்கா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். பிறகு எந்த வீட்டுக்கு என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

தை வரைக்கும் தண்ணீர் வடியவில்லை. சுவர்கள் இடுப்பளவு ஊறிப் போயின. அடுத்த மழைக்கு மறுபடியும் வந்தது. மனை விற்றவரைத் தேடிப் போனார்கள். அவர் அலுவலகம் இருந்த இடத்தில் செருப்புக் கடை இருந்தது. மனு கொடுத்த இடத்தில், ஏரிக்குள் வீடு கட்டியதற்கு உங்கள் மேல்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதையும் தப்பு என்று சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரோடு பிறகு பேசவே இல்லை. ஆலையில் எதிரில் வந்தால் வேறு வழியாகப் போவார். கதவு, ஜன்னல், நிலை எல்லாவற்றையும் கழற்றினோம். கழற்றும்போது அவர் ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினார், உடைக்கவில்லை. வீட்டின் கூடு மட்டும் நின்றது. அது வெயில் காலத்தில் தரையிலும் மழைக்காலத்தில் தண்ணீரிலுமாக நின்று, கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது. கிணற்றின் மேல் உறையைச் சில வருஷம் வரை தண்ணீருக்கு நடுவில் பார்க்கலாம்.

அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்ததால் குவார்ட்டர்ஸ் திரும்பக் கிடைக்கவில்லை. தூரமாகப் போகலாம் என்றால் மகள் பள்ளிக்கூடம் முடிக்க வேண்டும். தஞ்சாவூர்க்காரி, தங்கள் வீட்டுப் பின்போர்ஷன் காலியாக இருக்கிறது, வந்துவிடுங்கள் அக்கா என்றாள். மனசார அழைத்தாள். அதில் சந்தேகமே கிடையாது. போனோம். அப்படித்தான் நான் ஆரம்பத்திலிருந்து பயந்த மாதிரி, கட்டிலையும் அம்மியையும் ஏற்றி இறக்கினோம். லாரி கூட வேண்டியிருக்கவில்லை. அதே தெருவில் மேட்டுக்கு ஒரு கைவண்டிதான்.

குடியிருக்கிறவள் சிநேகிதியாக இருந்தாலும் குடியிருக்கிறவள்தான். வாடகை வாங்குகிறவளுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவரும். இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு சித்திரை மாதம், நான் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். வெயில் தீயாகக் கொளுத்தியது. ஆவடியில் மற்றப் பக்கமெல்லாம் லாரிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருக் கிணறுகளில் மட்டும் கயிறு பாதிதான் இறங்கும், வாளி நனைந்துவிடும். தஞ்சாவூர்க்காரி பக்கத்தில் வந்து நின்றாள். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. போர்ஷனுக்குக் காலையில ரெண்டு குடம், சாயங்காலம் ரெண்டு குடம்னு வச்சுக்கலாம். கோடை எப்படிப் போகும்னு தெரியல. தண்ணிய நாமதானே பாத்து செலவு பண்ணணும்" என்றாள்.

என்னிடம் சொன்னாள், தண்ணீரைப் பார்த்துச் செலவு பண்ணச் சொல்லி. கோபம் வந்திருந்தால் நன்றாக நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன். எனக்கு அது கை வந்த கலை. ஆனால் கோபம் வரவில்லை. கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"நீங்க எறைக்கிறது தண்ணி இல்லம்மா. எங்க வீடு."

அவள் கண் ஒரு தடவை தெருச் சரிவுக்குக் கீழே, தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்த பக்கம் போய்விட்டுத் திரும்பியது. திரும்பி உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டில் விளக்கு வைக்க நேரமாயிற்று.

என் வீட்டுக்காரர் போர்ஷன் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தார். அவர் இருந்தவரைக்கும் அந்த வார்த்தையைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. தஞ்சாவூர்க்காரியும் அதற்குப் பிறகு கிணற்றடிக்கு வந்து நிற்கவில்லை, குடத்தைக் கணக்குப் பார்க்கவும் இல்லை. நானும் அந்த வீட்டில் இருந்த நாள் வரைக்கும், வேளைக்கு ரெண்டு குடத்துக்கு மேல் எடுக்கவில்லை.